ஏழாங்கட்டைக்குப் பஸ் வேண்டாம்

அத்தியாயம் 11

"நான் சொல்றத முதல்ல முழுசா..."

"நீ என்ன சொல்றது? நீயே ஆள அனுப்பி, நீயே கேள்வி கேட்டுட்டு, இப்ப வந்து..."

"வாசல்ல நின்னது யாரு? அதச் சொல்லு! வீட்டுக்கு வீடு வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு..."

"மெதுவா லா! பக்கத்து வீட்டுல டத்தோ இருக்காரு!"

டத்தோ பட்டம் வாங்கிய அந்தப் பெரிய மனிதர் கேட்டால் கேட்கட்டும் என்று தினேஸ்வரி குரலை இன்னும் ஒரு படி உயர்த்தினாள்.

வியாழக்கிழமை காலை. ஈப்போவில் அவள் அண்ணன் யுகேந்திரன் வீட்டுக் கார் போர்ச். அவள் வேலைக்குப் போகிற உடுப்பில் நின்றாள். அவன் கைலியோடு, பல் விளக்கிய நுரை உதட்டோரம் காயாமல் நின்றான். அண்ணி கலாதேவி தோசைக் கரண்டியோடு வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

போன வாரம் தினேஸ்வரி அலுவலகத்தில் கணினியைக்கூட மூடாமல் எழுந்து போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இப்போதுதான் வந்து சேருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவள் போக்குவரத்துத் திட்ட வல்லுநர். ஈப்போவைச் சுற்றிப் புதிய பஸ் தடங்கள் வகுக்கும் வேலை அவள் நிறுவனத்துக்குக் கிடைத்திருக்கிறது. அவள் பிறந்த ஏழாங்கட்டைத் தோட்டத்தில் கித்தா என்கிற ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து, சனங்களுக்கு வரிசை வீடுகள் கட்டித் தாமான் என்று பெயர் வைத்தார்கள். பஸ் மட்டும் கொள்ளைநோய்க் காலத்தில் நின்றது நின்றதுதான். அந்தப் பஸ்ஸைத் திரும்பக் கொண்டுவரத்தான் தினேஸ்வரி வரைபடத்தில் ஒரு வளைவு போட்டாள். பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பி, தாமானைச் சுற்றிக்கொண்டு, ஈப்போ ஆஸ்பத்திரி வரை ஒரு கோடு.

அதற்காக வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பி, "வெளியே எப்படிப் போவீர்கள்?" என்று கேட்டார்கள். ஒரு வீடு பாக்கியில்லாமல் ஒரே பதில். மகன் காடியில், அதாவது காரில், கொண்டு போவான். பஸ் வேண்டுமென்று ஒரு வாய்கூடச் சொல்லவில்லை. அந்தப் பதில்களைப் பார்த்துத்தான் அவள் எழுந்து போனாள்.

"நாய் குரைக்குது, கதவு தொறக்க மாட்டேங்கிறாங்க, தலைவர்தானே, கூட வாங்கண்ணேன்னு கூப்பிட்டது யாரு? நீதானே?" என்றான் யுகேந்திரன்.

"கதவத் தொறக்கத்தான் கூப்பிட்டேன். பக்கத்துல நின்னு பதிலக் கேக்கச் சொல்லல."

"நான் ஒரு வார்த்த பேசல!"

"நீ பேசவே வேணாம்ணே. சங்கத் தலைவர் முன்னால, எதுத்த வீட்டுக்காரி காதுல விழற மாதிரி, எந்தப் பொம்பள சொல்லுவா, எம் மகன் என்னைய எங்கயும் கூட்டிட்டுப் போறதில்லன்னு? நாக்கப் புடுங்கிக்கிட்டாலும் சொல்ல மாட்டா."

"இருக்கறவன் இருக்குன்னு சொல்றான். உனக்கென்ன எரியுது?"

"இருக்கா? பாதி வீட்டுப் பிள்ளைங்க சிங்கப்பூர்ல இருக்கானுங்க. காடி அங்க இருக்கு, ஆத்தா இங்க இருக்கா!"

"தினேஸ், பசியாறியாச்சா? தோசை சுட்டிருக்கேன்" என்றாள் கலாதேவி நடுவில்.

"வேணாம் அண்ணி."

யுகேந்திரன் உதட்டைத் துடைத்துக்கொண்டான். குப்பை அள்ளும் குத்தகை எடுத்து முன்னுக்கு வந்தவன் அவன். சொந்தமாய் லோரிகள், ஈப்போவில் இந்த வீடு, ஏழாங்கட்டையில் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் பதவி. இப்போது நகர மன்ற உறுப்பினர் நாற்காலி ஒன்று அவன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது.

"கேட்டுக்க. இன்னைக்கு மத்தியானம் பஸ் தடக் கூட்டத்துல நான் பேசப் போறேன். ஏழாங்கட்டை முன்னேறிடுச்சின்னு சொல்லப் போறேன். நம்ம சனம் இன்னும் ரோட்டுல நின்னு பஸ்ஸுக்குக் கை நீட்டணுமா? பஸ் ஸ்டாப்பு வெச்சா என்ன வரும்? கஞ்சாப் பயலுக வந்து உக்காருவானுங்க."

"அம்மா மாதிரி ஆளுங்க எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவாங்க?"

"அம்மாவுக்கு என்ன கொற? கிட்னிக்கு ரத்தம் கழுவுற நாளெல்லாம், செவ்வா, வியாழன், சனி, என் காடிதான் போகுது. கொண்டு போறேன், கொண்டு வாரேன். நீ ஒரு நாள் செஞ்சிருப்பியா?"

அந்த அடி தினேஸ்வரிக்கு விழத்தான் செய்தது. ஆனால் அதே நேரம் அவள் கண் காரின் மேல் போனது. போர்ச்சுக்கு வெளியே, பளபளவென்று கறுப்பு நிறத்தில் பெரிய கார். காரின் கூரையில் இரவு மழையின் துளிகள் ஒன்றும் கலையாமல் முத்து முத்தாய் நின்றன.

"இன்னைக்கு வியாழன்தானே அண்ணே?"

"ஆமா."

"அம்மாவுக்கு விடியக் காலையில இல்ல ஆரம்பிக்கும்?"

"விட்டுட்டு வந்து மறுபடி படுத்தேன்."

உள்ளே கலாதேவி தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

* * *

"உக்காருங்க தினேஸ்வரி" என்றார் திரு. பெத்தபெருமாள்.

நிறுவனத்தின் இயக்குநர். செட்டிநாட்டுக் குடும்பம், மூன்று தலைமுறையாய் ஈப்போவாசி. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கோபப்பட்டாலாவது எதிர்த்துக் கத்தலாம்.

சுவரில் வரைபடம் விரிந்திருந்தது. அவள் போட்ட வளைவைக் காணோம். பஸ் தடம் பெரிய சாலையோடு வந்து, ஏழாங்கட்டையைத் திரும்பிப் பார்க்காமல், நேராக ஈப்போவுக்குப் போயிற்று.

"யார் சார் எடுத்தது?"

"நான்தான். பதில் வந்தாச்சு. அப்புறம் வளைவு எதுக்கு? பஸ்ஸுக்கு நேரம் மிச்சம்."

"பதில் பொய் சார்."

"ஒரு ஊரே சேர்ந்து பொய் சொல்லுமா?"

"ஊரே சொன்னதாலதான் பொய்ங்கறேன். ஒரு வீடாவது முனகியிருக்கணும்ல? தப்பு நம்ம கேள்வியில. 'எப்படிப் போவீங்க'ன்னு கேட்டோம். 'கடைசியா எப்படிப் போனீங்க, எங்க ஏறினீங்க, யாரு கூட வந்தா'ன்னு கேட்டிருக்கணும். போவீங்களான்னு கேட்டா அவங்க மானத்தச் சொல்லுவாங்க சார். போனதக் கேட்டாத்தான் பயணம் வரும்."

பெத்தபெருமாள் மென்மையாகச் சிரித்தார்.

"மானத்துக்குன்னு நம்ம படிவத்துல கட்டம் இல்லையே."

அந்தச் சிரிப்பு அவர் நல்ல மனிதர்தான் என்பதையும் காட்டியது. அதுதான் தினேஸ்வரிக்குக் கசந்தது. இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அண்ணன் மாலை போட்டு மலைக்குப் போகிறவன். இவர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறவர். எல்லாரும் நல்லவர்களாகவே இருந்து, அழகாய்த் தலை வாரிக்கொண்டு, ஒரு ஊரின் காலை வெட்டி எடுத்துவிடுகிறார்கள்.

"உங்க அம்மா வீடும் இதுல இருக்கு. மகன் கார்னுதான் சொல்லியிருக்காங்க. அவங்களும் பொய்யா?"

 காலையில் அண்ணன் கார்க் கூரையில் நின்ற மழைத்துளி அவள் கண்ணுக்குள் வந்தது.

"சரி, உங்களுக்காக ஒண்ணு செய்றேன்" என்றார் அவர். "இன்னைக்குக் கூட்டத்துல ஏழாங்கட்டைக்காரங்க ஒருத்தர், ஒரே ஒருத்தர் போதும், எழுந்து நின்னு பஸ் வேணும்னு வாயால சொல்லட்டும். போக்குவரத்து அதிகாரி எதிரிலேயே மறுபடி கணக்கெடுக்கச் சொல்றேன். யாரும் சொல்லலைன்னா அந்தக் கோடு இன்னையோட முடிஞ்சது. கையெழுத்தாயிட்டா அப்புறம் பல வருஷத்துக்கு யாரும் தொட முடியாது."

"நானே..."

"நீங்க நம்ம மேசையில உக்காந்திருப்பீங்க. நீங்க கேள்வி கேக்கலாம். ஊர்க்காரங்களாப் பேசக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

"எங்கே?"

"அம்மாவப் பாக்க."

* * *

இரத்தச் சுத்திகரிப்பு நிலையம் ஈப்போவில் ஒரு கடை வரிசையின் மாடியில் இருந்தது. தினேஸ்வரி படியேறிப் போனபோது அம்மாவின் நாற்காலியை நர்ஸ் சாந்தினி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நவமணி அம்மாவா? இப்பத்தான் முடிஞ்சு இறங்கினாங்க அக்கா."

"கீழ முன்னால யாரையும் காணோமே?"

"பின்பக்கமாப் போனாங்க. மகன் காடி எப்பவும் பின்னாலதான் வருமாம். முன்னால நிறுத்த எடம் இல்லன்னு சொல்லுவாங்க." சாந்தினி சிரித்தாள். "ரொம்ப சுத்தக்காரங்க உங்க அம்மா. காலையில வந்ததும் நேரா டாய்லட்டுக்குத்தான் போவாங்க. கை கால் கழுவி, வேற சேல கட்டிக்கிட்டுத்தான் நாற்காலியில உக்காருவாங்க. வேற யாரும் இப்படி இல்ல."

தினேஸ்வரி பின்படிகளில் இறங்கினாள்.

சந்தில் முதலில் வந்தது நாற்றம். சீன உணவகத்துக் குப்பைத் தொட்டி என்றுதான் நினைத்தாள். இல்லை, இது அதைவிடப் புளித்த நாற்றம். மீன் தலை, குழந்தைகளின் அழுக்குத் துணி, வெயிலில் வெந்த மிச்சச் சோறு எல்லாம் ஒன்றாய்க் கலந்து மூக்கின் அடியில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் லோரி தெரிந்தது. சந்தை அடைத்துக்கொண்டு நின்றது. பின்புறத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சாக்கடைக்கு வழி தேடியது. கதவில் பச்சை எழுத்தில் அவள் அண்ணன் பெயர்.

அம்மா ஒரு காலைத் தூக்கிப் பால் பெட்டியின் மேல் வைத்திருந்தாள். ஊசி எடுத்த கையை மார்போடு அணைத்திருந்தாள். சாயம் போன பழைய சேலை. மற்றக் கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் மடித்த நல்ல சேலை. டிரைவர் ராமையா அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

"மெல்ல அக்கா, மெல்ல. மூச்சு வாங்கிட்டு ஏறுங்க."

"அம்மா!"

நவமணி திரும்பினாள். முதலில் அவள் பார்த்தது மகளை அல்ல, மாடி சன்னலை.

"கத்தாத. நர்ஸு பிள்ளைங்க இருக்காங்க."

"என்னம்மா இது?"

"என்ன இது? லோரி."

"எத்தன நாளா?"

"தீபாவளி முடிஞ்சதுலேர்ந்துன்னு நெனக்கிறேன். ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு? பசியாறாம வந்தியா?"

 தினேஸ்வரி சாக்கடை ஓரம் குனிந்தாள். வெறும் வயிறு, கசப்புத் தண்ணீர்தான் வந்தது. அம்மா வந்து நெற்றியைப் பிடித்தாள். அந்தக் கையிலும் அதே நாற்றம்.

"நான் நல்லாத் தொடச்சுத்தான் வெப்பேன் தங்கச்சி" என்றார் ராமையா, தரையைப் பார்த்துக்கொண்டு. "சோப்புப் போட்டுத் தொடப்பேன். கண்ணாடியையும் எறக்கி வுட்டுடுவேன். இது எங்க போவுது, இரும்புல ஊறிப் போச்சு."

"உங்கள ஒண்ணும் சொல்லலண்ணே." அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஊசி குத்தின கையோட, திறந்த புண்ணோட, குப்ப லோரியிலயா? நோய்க் கிருமி ஏறினா என்னம்மா ஆவுறது? அண்ணன் காடியில கொண்டு போறேன்னானே?"

"கொண்டு போனான். இல்லன்னு சொல்லக்கூடாது. கொஞ்ச நாள் கொண்டு போனான்."

"அப்புறம்?"

நவமணி பையை மாற்றிப் பிடித்தாள். சொல்வதா வேண்டாமா என்று பார்த்தாள். ராமையா நாசூக்காய் லோரியின் முன்பக்கம் போய்விட்டார்.

"ஒரு நாள் கட்டு நழுவிப் போச்சு. சீட்டுல ரெண்டு சொட்டு ரத்தம். வெள்ளத் தோலு சீட்டு, பளிச்சுனு தெரிஞ்சிருச்சு. நான் சேலையால தொடச்சேன், இன்னும் பரவிருச்சு. அவன் ஒண்ணும் சொல்லல. அடுத்த தடவ ஏறப் போறேன், சீட்டு முழுக்க உங்க அண்ணி கறுப்புப் பிளாஸ்டிக்கு விரிச்சு வெச்சிருக்கா. குப்பக் கட்டுற பை இருக்குல்ல, லோரிக்கு வாங்குறது, அதக் கிழிச்சு விரிச்சிருக்கா."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்ல? அதுமேல உக்காந்தேன். வழி நெடுக சரசரன்னு சத்தம். அவன் ரேடியோவ சத்தமா வெச்சான். எறங்கறப்ப சொன்னேன், ஐயா, உனக்கு ஆயிரம் வேல, இனிமே நீ வராதப்பா, ராமையா இந்தப் பக்கந்தானே வாரான், நான் அதுல வந்துக்கறேன்னு." நவமணி லோரியைப் பார்த்தாள். "வேணாம்மான்னு சொல்லுவான்னு நெனச்சேன். சரிம்மான்னுட்டான்."

தினேஸ்வரி பையை வாங்கித் தன் முழங்கையில் மாட்டிக்கொண்டாள்.

"லோரியில யாரும் எனக்கு ஒண்ணும் விரிக்கிறதில்ல" என்றாள் நவமணி.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா? போன் போட்டா, 'அம்மா, அண்ணன் வந்தானா'ன்னு கேப்ப. வந்தான்னுவேன். சரிம்மான்னு வெச்சிடுவ. நீ ஊரு ஊரா ரோடு அளக்குறவ. உங்கம்மா எந்த ரோட்டுல எப்படி வாரான்னு கேட்டியா?"

 தினேஸ்வரியின் அருவருப்பு இப்போது லோரியின் மேல் இல்லை, அண்ணன் மேல் மட்டும்கூட இல்லை. எவர் வீட்டுப் பயணமாக இருந்தாலும் ஏறுமிடம் இறங்குமிடம் கேட்டுத் துருவுகிறவள், பெற்றவளிடம் "சரிம்மா" என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டிருக்கிறாள். மகளின் கைகளைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிடும் அம்மாவை அவளால் பார்க்க முடியவில்லை.

"அம்மா, மத்தியானம் கூட்டம் இருக்கு. ஏழாங்கட்டைக்குப் பஸ் வேணுமா வேணாமான்னு முடிவு பண்றாங்க. ஒருத்தர் சொன்னாப் போதும். நீ எழுந்து சொல்லு."

"என்னன்னு? எம் மகன் என்னைக் குப்ப லோரியில ஏத்தி வுடறான்னா?"

"அதச் சொல்ல வேணாம். பஸ் வேணும்னு மட்டும் சொல்லு."

"அந்தச் சபையில ரெண்டும் ஒண்ணுதாண்டி. அவன் காடியில கொண்டு போறேன்னு ஊருக்கே சொல்லி வெச்சிருக்கான். நான் எழுந்து பஸ் கேட்டா அவன் மூஞ்சி என்னாவுறது?"

"உன் மூஞ்சி என்னாச்சு?"

"அது எனக்கும் அவனுக்கும் உள்ளது."

"உனக்கு மட்டும் இல்லம்மா. தாமான்ல எத்தன பேரு! கண்ணுக்கு மருந்து ஊத்தப் போறவங்க, மீன், காய் வாங்கப் பாசாருக்குப் போறவங்க, எல்லாரும் வாய மூடிக்கிட்டு மகன் காடிங்கறாங்க. மகன் எங்க? காடி எங்க?"

நவமணி ராமையாவிடம் கையசைத்தாள், நீ போ என்று. லோரி கறுப்புக் கோடு இழுத்துக்கொண்டு சந்தை விட்டுப் போயிற்று.

"கூட்டத்துக்கு வாரேன். சும்மா உக்காந்திருப்பேன். வாயத் தொறக்க மாட்டேன். அவன் சபையில பேசி நான் பாத்ததில்ல, அதப் பாக்கத்தான் வாரேன். சம்மதமா?"

"வா."

"உங் காடி சீட்டு நாறுமே."

"நாறட்டும்."

காரில் நவமணி சீட்டின் விளிம்பிலேயே உட்கார்ந்து வந்தாள். சாய்ந்துக்கம்மா என்று தினேஸ்வரி எத்தனையோ தடவை சொல்லியும் சாயவில்லை.

* * *

மண்டபத்து வாசலில் ஒரு வாடகைப் பஸ் நின்றது. ஏழாங்கட்டைப் பெண்கள் அதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பட்டுச் சேலை, பூ, நகை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி. யுகேந்திரன் கதவருகே நின்று ஒவ்வொருவருக்காய்க் கை கொடுத்து இறக்கிவிட்டான்.

"பஸ்ஸா?" என்றாள் தினேஸ்வரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. 

யுகேந்திரன் அம்மாவைப் பார்த்தான். நல்ல சேலை கட்டியிருந்தாள். வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் மாற்றிக்கொண்டது. அவன் முகம் ஒரு கணம் தடுமாறி, உடனே மலர்ந்தது.

"அட, அம்மா! நல்லதாப் போச்சு. முன் வரிசையில உக்காருங்க."

"உன்கிட்டப் பேசணும்ணே" என்றாள் தினேஸ்வரி தாழ்ந்த குரலில். "நான் இன்னைக்குப் பின் சந்துக்குப் போயிருந்தேன். ராமையா அண்ணனப் பாத்தேன்."

அவன் உதடு அசையாமல் பேசினான். "அம்மாவே கேட்டது அது. நான் ஏத்தல."

"குப்பப் பையக் கிழிச்சு விரிச்சது?"

"அது கலா பண்ணினது. சபையில நாற அடிக்காத தினேஸ். அம்மா ஒத்துக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும் அவங்கள."

அதுதான் உண்மை. அம்மாவை அவனுக்கு நன்றாகத் தெரியும். எவ்வளவு தாங்குவாள் என்று தெரிந்து அளவாய் ஏற்றியிருக்கிறான்.

த்தூ என்று துப்ப வேண்டும் போலிருந்தது அவளுக்கு. மண்டபத்தில் எங்கே துப்புவது? அம்மாவை முன் வரிசையில் விட்டுவிட்டு நேராகப் போய்த் தன் மேசையில் உட்கார்ந்தாள்.

கூட்டம் தொடங்கியது. போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்த மலாய் அதிகாரி அம்மாள் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெத்தபெருமாள். மற்ற ஊர்க்காரர்கள் பேசி முடித்தார்கள். ஏழாங்கட்டையின் முறை வந்தபோது யுகேந்திரன் ஒலிவாங்கியைப் பிடித்தான். மலாயில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. நன்றாகத்தான் பேசினான்.

"எங்க சனம் ஒரு காலத்துல லோரிப் பின்தட்டுல ஆடு மாடு மாதிரி நின்னுக்கிட்டுப் போன சனம். அந்த நாத்தம், அந்த அவமானம், எல்லாம் தோட்டத்தோட போச்சு. இன்னைக்கு எங்க தாமான்ல வீட்டுக்கு வீடு காடி. பெத்தவங்களப் பிள்ளைங்க வெச்சுத் தாங்குறாங்க. எங்களுக்குப் பஸ் வேண்டாம். தேவைப்படுற ஊருக்குக் குடுங்க!"

பட்டுச் சேலைகள் கை தட்டின.

தினேஸ்வரி ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டாள். "தலைவருக்கு ஒரு கேள்வி. வாசல்ல நிக்கிற பஸ் யாருக்காக வந்தது?"

கைதட்டல் நின்றது. முன் வரிசையில் ஒரு கிழவர் இருமினார். பெத்தபெருமாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

யுகேந்திரன் ஒரு மூச்சுத்தான் திணறினான். அப்புறம் பெரிதாய்ச் சிரித்தான்.

"ஆளுக்கொரு காடியில வந்தா இந்தப் பேட்டையில எங்க நிறுத்துறது? அதான் ஒத்துமையா ஒரே வண்டியில வந்தோம். பார்க்கிங் பிரச்சனையப் பத்தி நீங்கதானே ஆராய்ச்சி பண்றீங்க?"

மண்டபமே சிரித்தது. அதிகாரி அம்மாள்கூட மொழிபெயர்ப்பைக் கேட்டுப் புன்னகைத்தார். ஏழாங்கட்டைப் பெண்கள் எல்லாரையும்விடச் சத்தமாய்ச் சிரித்தார்கள். தப்பித்தோம் என்ற சிரிப்பு.

பெத்தபெருமாள் பேனாவின் மூடியைக் கழற்றினார். தினேஸ்வரி வரைபடத்தைப் பார்த்தாள். நேர்க்கோடு அப்படியே இருந்தது.

யுகேந்திரன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் ருசி கண்டவன், நிறுத்தவில்லை.

"சந்தேகப்படறவங்களுக்கு நான் ஆளையே காட்டுறேன். எங்கம்மா இங்கதான் இருக்காங்க. வாரத்துல மூணு நாள் ரத்தம் கழுவணும். மூணு நாளும் என் சொந்தக் காடியில, முன் சீட்டுல உக்கார வெச்சு, நானே ஓட்டிக்கிட்டுப் போறேன். அம்மா, கொஞ்சம் எழுந்து நில்லுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

நவமணி மகன் முகத்தைப் பார்த்தாள். எழுந்து நின்றாள். கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு நின்றாள்.

மண்டபம் கை தட்டியது. இந்த முறை அதிகாரி அம்மாளும் தட்டினார்.

"உக்காருங்கம்மா" என்றான் யுகேந்திரன்.

நவமணி உட்காரவில்லை.

"போதும்மா, உக்காருங்க."

கைதட்டல் சிதறி அடங்கியது. அதிகாரி அம்மாள் குனிந்து, அம்மா ஏதாவது சொல்ல விரும்புகிறார்களா என்று மலாயில் கேட்டார். ஒருவர் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து நீட்டினார். நவமணி அதை வாங்கவில்லை. அவர்தான் அவள் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தார். தினேஸ்வரி மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

நவமணி அதிகாரியைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற அதே சாதாரணக் குரலில் மகனைக் கேட்டாள்.

"ஐயா, நாளன்னிக்குச் சனிக்கிழம. நீ சொன்ன அந்தக் காடி எத்தன மணிக்கு வரும்?"